கல்லும் கணப்பும்

இறந்தோர் தம் உழைப்பால் எழுப்பிய கட்டடம் உயிரோடிருப்போரைக் குளிரில் நடுங்க வைக்குமாயின், நம் கடமை எவர்பால்? கல்லைக் காப்பதா, அதன்கீழ் அமர்ந்திருக்கும் முதியவரைக் காப்பதா? ஐரோப்பாவின் கத்தோலிக்கப் பங்குகள் பல இன்று இவ்வினாவின் முன் நிற்கின்றன. சமயத்துக்கு வெளியே நிற்போரும் இதனைப் புறக்கணித்தல் தகாது. ஏனெனில், அடிப்படையில் இது உழைப்பையும் உடைமையையும் பற்றிய வினாவாகும்.

வட இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரை எடுத்துக்கொள்வோம். பருத்தியாலைகளால் வளர்ந்த நகர் அது. 1847இல் வெட்டப்பட்ட பத்து வீதக் கூலியை மீளக் கேட்ட தொழிலாளரை, 1853 ஒக்டோபரில் முதலாளிகள் ஆலைகளை மூடி வெளியே நிறுத்தினர். 1854 மே மாதத்தளவில் பசி அவர்களைப் பணியவைத்தது. அதே ஆண்டிலேதான் அந்நகரில் புனித வால்பர்ஜ் தேவாலயம் திறக்கப்பட்டது. அதனை வரைந்த ஜோசப் ஹான்சம், 1830களில் ரொபேட் ஓவனின் கட்டடத் தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்புகொண்டிருந்தவர். பின்னர் 1860களில் நிறைவுற்ற அதன் கூர்ங்கோபுரம் 309 அடி உயர்ந்தது. இங்கிலாந்தின் பங்குத் தேவாலயங்களில் அதனினும் உயர்ந்த கோபுரம் வேறில்லை. கூலியிழந்த மாந்தர் வாழ்ந்த ஊரில் இத்துணை உயரம் எழுந்ததை வெறும் மடமை என்று நாம் தள்ளிவிட முடியாது. ஆலையில் உரிமையற்றோர், தமக்கென்று ஓரிடத்தை நாடினர்.

ஆயினும், ஆயிரம் பேருக்கென எழுப்பிய மண்டபத்தில் சில பத்துப் பேரே அமரும்போது நிலைமை மாறுகின்றது. வெப்பமூட்டிய காற்று மேலெழுந்து கூரையடியில் தங்குகின்றது. கீழே இருப்போரின் கால்கள் விறைக்கின்றன. திடீரென வெப்பமூட்டினால் மரவேலையும் இசைக்கருவியும் வெடிப்புறுகின்றன. மூட்டாது விட்டாலோ சுவரில் ஈரம் ஊறுகின்றது. 2022இல் உக்ரேன் போரையடுத்து எரிவாயு விலை ஏறியபோது இச்சுமை மேலும் பெருகிற்று. பழங்கலையின் பெருமை ஊரார் அனைவருக்கும். எரிபொருட் செலவோ ஞாயிறு காணிக்கைத் தட்டுக்கு!

இந்நிலையில் முடிவு செய்பவர் யார்? பிரெஸ்டன் தேவாலயத்தை 2014இல் லங்காஸ்டர் ஆயர், பழைய இலத்தீன் வழிபாட்டைப் பேணும் குருக்கள் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார். கட்டடம் பிழைத்தது, அவ்வாய்ப்பு எல்லாப் பங்குகளுக்கும் கிட்டுவதன்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1222ஆம் விதியிலே, தேவாலயமொன்றை வழிபாட்டிலிருந்து நீக்கும் அதிகாரத்தை ஆயருக்கு அளிக்கின்றது. அவர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டல் வேண்டும். அத்தேவாலயத்தில் முறைப்படி உரிமை கோருவோரின் சம்மதத்தையும் பெறல் வேண்டும்.

அவ்வுரிமையாளர் யாவர்? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. பெருந்தொகை கொடுத்தோரின் பெயர் பத்திரத்தில் இருக்கும். வாரந்தோறும் ஒரு செப்புக் காசு கொடுத்த நூற்புப் பெண்ணின் பெயர் எப்பத்திரத்திலும் இராது. சட்டம் அவளைக் காணாதிருக்கலாம். அறம் காணாதிருத்தல் ஆகாது. அவள் விட்டுச்சென்ற உரிமை, இன்று அவ்விருக்கையிலே போர்வையோடு அமர்ந்திருக்கும் முதியவளுடையது என்றே நாம் கருதுகின்றோம்.

முன்னோருக்கு நன்றி என்பது கல்லை வணங்குவதன்று. அவர்கள் கட்டியது மனிதர் கூடுவதற்காக. ஆகவே, மாரியில் பெருமண்டபத்தை மூடிச் சிற்றறையிற் கூடுவதும், காற்றுக்குப் பதிலாக இருக்கையைச் சூடாக்குவதும், மண்டபத்தை ஊரின் பொதுத் தேவைக்குத் திறந்துவிடுவதும் துரோகமாகா. அவையெல்லாம் இயலாதபோது, கட்டடத்தைக் கைவிடுவதுங்கூடத் துரோகமாகாது. ஆனால் கணக்குகளை மறைத்து, பங்கு மக்களைக் கேளாது, மேலிருந்து ஒரு கடிதத்தால் கதவை மூடுவது துரோகமே. கதவடைப்பு எதனைக் குறிக்குமென்பதைப் பிரெஸ்டன் தொழிலாளர் 1853இலேயே அறிந்திருந்தனர்.