காரணம் தெரியாத நாட்களில்

நமக்கு ஒரு கஷ்டம் வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "ஏன் வந்தது?" அது கொஞ்ச நேரத்திலேயே "எனக்கு மட்டும் ஏன்?" என்று மாறிவிடும். சமய வகுப்புக்குப் போன எல்லாருக்கும் இதற்கு ஒரு பதில் தெரியும். வினைப்பயன். அந்தத் தத்துவத்தை மறுக்க நான் இதை எழுதவில்லை. என் கேள்வி அதைவிடச் சின்னது. ஒரு துன்பத்தின் காரணம் இன்னும் யாருக்குமே தெரியாத நேரத்தில், ஒரு காரணத்தை நாமே எடுத்து அங்கே வைப்பது தர்மமா? ஆறுதலுக்காகவே சொன்னாலும் சரியா?

பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கலாம். எனக்கு இப்போது இது தினசரிக் கேள்வி.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். மின்பொறியியல், மூன்றாம் ஆண்டு. இந்த செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, சின்ன வயதில் ஓடி ஏறிய கோயில் படியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. கணுக்காலில் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள்; ஆனால் அரிக்கவில்லை. தானா ராத்தாவில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.8. என் வயது ஆணுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டும். வெள்ளை அணு 2.3, குறைந்தது 4 வேண்டும். பிளேட்லெட் 48 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஒன்று குறைந்தால் ஒரு மாதிரி, மூன்றும் சேர்ந்து குறைந்தால் வேறு மாதிரி என்று சொல்லி அன்றைக்கே ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அந்த முடிவு இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

மூன்றும் குறைய என்னென்ன காரணம் இருக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். பி12 வைட்டமின் குறைவு, ஏதாவது வைரஸ், சாப்பிட்ட மருந்து, உடம்பே தன் அணுக்களை எதிர்ப்பது, மஜ்ஜை வேலையை நிறுத்துவது, இரத்தப் புற்று. ஒரு முனையில் சில ஊசிகளில் சரியாகிற விஷயம். மறுமுனையில் வருடக்கணக்கான போராட்டம். "இப்போதைக்குத் தெரியாது" என்றார். முகத்தைத் திருப்பாமல், என்னைப் பார்த்தே சொன்னார். அந்த வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. வாய்மையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அதில் சேர்த்திதானே.

ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், டாக்டரைத் தவிர எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது!

அம்மாவுக்குக் கண் திருஷ்டி. பையன் யுனிவர்சிட்டி போனது யாருக்கோ பொறுக்கவில்லை. பெரியப்பாவுக்குப் பூச்சி மருந்து. சுற்றிலும் காய்கறித் தோட்டம், எந்நேரமும் அடிக்கிறான் என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "போன ஜென்மத்துக் கணக்கு தம்பி, தீர்ந்தாத்தான் போகும்" என்றார். சித்தப்பா மகனுக்கு மேகி மீயும் ராத்திரி முழித்திருப்பதும். நான் மட்டும் ஒழுங்கா என்ன? ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாக என்னோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர்கள் எல்லாரும் பாசத்தில்தான் சொன்னார்கள். பூச்சி மருந்தைப் பற்றி டாக்டரும் கேட்டார். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்பது வேறு, முடிவு கட்டுவது வேறு. மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு காரணத்துக்குப் பின்னாலும் ஒரு குற்றவாளி நிற்கிறார். பொறாமைப்பட்ட யாரோ ஒருவர், மருந்தடிக்கிற பக்கத்துத் தோட்டக்காரர், முற்பிறவியில் பாவம் செய்த நான், இந்தப் பிறவியில் மேகி மீ சாப்பிட்ட நான். தெரியாத காரணத்தைத் தெரிந்த மாதிரி பேசினால், இல்லாத ஒரு குற்றத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டியதாகிவிடுகிறது. அதனால்தான் இதை ஒரு அறக்கேள்வியாகப் பார்க்கிறேன்.

நம் மக்களுக்கு இது தெரிந்த கதைதான். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் இரத்தசோகை சாதாரணம். வெளிறிய முகம், வீங்கிய கால், கொஞ்சம் நடந்தாலே இளைப்பு. வேலைக்கு வர முடியாதவனுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி. உண்மையில் பலருடைய குடலில் இருந்தது கொக்கிப்புழு. கழிப்பறை இல்லாத லயம், செருப்பில்லாத கால், ஈரமண். அந்த மண்ணில் இருக்கும் புழுக்குஞ்சு பாதத்து தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். 1910-களில் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கென்றே ஓர் ஒழிப்பு இயக்கம் நடத்தியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே புழு ஏழை வெள்ளைக்காரர்களை இப்படித்தான் ஆக்கியிருந்தது; அங்கே பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் வைத்தன. கேலியாக வைத்த பெயர்தான். ஆனாலும் அங்கே பழி புழுவின்மேல் விழுந்தது. இங்கே மனிதன்மேலேயே கிடந்தது. "மட்டம் போடுறான்" என்று தண்டல் பேர் எழுதிய ஆட்களில் எத்தனை பேர் உடம்பில் பாதி இரத்தத்தோடு கொழுந்துக் கூடை சுமந்தார்களோ!

வினைக்கு வருகிறேன். ஈப்போவில் எனக்கு இரத்தம் ஏற்றிய அன்று, பக்கத்து நாற்காலியில் நான்கைந்து வயதுப் பெண் குழந்தை, அவள் அம்மா மடியில். தலசீமியா. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும், வாழ்நாள் முழுக்க. குழந்தை போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே கையை நீட்டியது, பழகிப்போன மாதிரி. எனக்கு அந்தப் பாட்டியின் வார்த்தை ஞாபகம் வந்தது. என்னிடம் சொன்னதை அவர் இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? சொல்லமாட்டார். அவர் நல்லவர். அப்படியானால் என்னிடம் சொல்லவும் அது தகாது என்றுதான் எனக்குப் படுகிறது. வினை என்பது என் அடுத்த செயலை நான் கவனமாகச் செய்யச் சொல்கிற தத்துவம். இன்னொருவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்க அது யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

"அப்பர் சுவாமிக்குச் சூலை வந்தது சும்மாவா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. சைவம் விட்டுப்போன மருள்நீக்கியாரைச் சிவனே சூலை கொடுத்து ஆட்கொண்டார் என்றுதான் சேக்கிழார் பாடுகிறார். நான் மறுக்கவில்லை. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து நின்றவருக்கு அந்தக் கதையின் முடிவு தெரியாது. அந்த நேரத்தில் அவர் அக்கா திலகவதியார் என்ன செய்தார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கனவில் இறைவன் சொல்லியிருந்ததால், காரணம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "சொல் பேச்சுக் கேட்டியா? இப்ப பாரு" என்று ஆரம்பிக்க முழு உரிமையும் அவருக்கு இருந்தது. நம் வீட்டு அக்காவாக இருந்தால் குறைந்தது அரை மணி நேரம் வாங்கிக் கட்டியிருப்போம். திலகவதியார் திருநீறு கொடுத்தார். கோயிலுக்கு அழைத்துப்போனார். காரணம் தெரிந்தவரே அதைத் தம்பியின் தலையில் அடிக்கப் பயன்படுத்தவில்லை என்றால், தெரியாத நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

சரி, காரணம் தெரியாமல் எதையாவது செய்ய முடியுமா? பொறியியல் படிக்கிறவனுக்கு இது நன்றாகவே விளங்கும். வீட்டு மெயின் பாக்ஸில் இருக்கும் பிரேக்கருக்கு, ஷார்ட் ஆனது கேத்தலா மழைத்தண்ணீரா எலியா என்று தெரியாது. கரண்ட் அளவு மீறியது மட்டும்தான் தெரியும். உடனே விழுந்து வீட்டைக் காப்பாற்றும். காரணத்தை அப்புறம் ஆள் வந்து தேடட்டும்.

மருத்துவத்தில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகையில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று தெரியாது. 1929-ல் சில மாதங்கள் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இருந்தும் வேலை செய்தார். அதுவும் நம்மூர் மாதிரி தேயிலை மலைதான். கடைசியில் அவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? மார்மைட். நம் அம்மாக்கள் காய்ச்சலுக்குக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் கலக்குகிற அதே கறுப்புப் பசைதான். அதைக் கொடுத்தால் அந்தப் பெண்களுக்கு இரத்தம் ஊறியது. 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று அப்போதும் அவருக்குத் தெரியாது. உலகம் அதை 'வில்ஸ் காரணி' என்று சொல்லிவைத்தது. 1941-ல்தான் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்காக அவர் காத்திருக்கவில்லை. தெரிந்ததாக நடித்து ஒரு பெயரையும் சூட்டவில்லை.

அதற்காக, கையில் கிடைத்ததை எல்லாம் விழுங்கலாம் என்று அர்த்தமில்லை. எனக்கு வந்த அன்பளிப்புகள் அப்படி: பப்பாளி இலைச் சாறு, பீட்ரூட், பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், இரும்புச் சத்து மாத்திரை இரண்டு டப்பா. முருங்கைக் கீரையை அம்மா சமைத்தால் சாப்பிடுகிறேன். மாத்திரைகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவில்லை. பி12 குறைவாக இருக்கும் ஒருவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இரத்த எண்ணிக்கை ஏறிவிடும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். (சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க: காய்கறியிலும் கீரையிலும் பி12 கிடையாது. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.) சாப்பாட்டோடு கெட்டித் தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்தியிருக்கிறேன், சாப்பாட்டில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர விடாமல் அது தடுக்கும். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இது பெரிய தியாகம், நம்புங்கள்.

டாக்டர் கொடுத்த விதிகள் சாதாரணமானவை. 38 டிகிரி காய்ச்சல் வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் உடனே மருத்துவமனை. பந்து விளையாட்டு வேண்டாம். மிருதுவான பல் துலக்கி. ஆஸ்பிரின், புரூஃபன் கூடாது. இதில் ஒன்றுக்குக்கூட என் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ராத்திரியில் போன் திரை அணைந்த பிறகு அது வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. பகலில் செய்ய வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். பெரிய நோய்களின் பெயரை மறைத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"இன்னும் தெரியலன்னு சொன்னாரும்மா. சின்னதாவும் இருக்கலாம், பெருசாவும் இருக்கலாமாம்."

"அவருக்கே தெரியலயா?"

"டெஸ்ட் வந்தாத்தான் தெரியுமாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "சரி, இன்னைக்கு ராத்திரிக்கு நீ என்ன சாப்பிடலாம்னாச்சும் சொன்னாரா?" என்றார். திருஷ்டியை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை என்று சொன்னால் பொய்; வெள்ளிக்கிழமை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார், நானும் உட்கார்ந்தேன். ஆனால் யார் கண் என்று பெயர் சொல்வதை விட்டுவிட்டார்.

எனக்கு ஏற்றியது இரண்டு பை. பையில் ஒரு பார்கோடு, இரத்தப் பிரிவு, தேதி. கொடுத்தவர் பெயர் இல்லை. கொடுத்தவருக்கும் என் பெயரோ நோயோ தெரியாது. ஒருவேளை நம் இயக்க முகாம் ஒன்றில், மண்டபத்து மடக்குக் கட்டிலில் படுத்து, மைலோவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவராகக்கூட இருக்கலாம். இவன் குடிகாரனா, நல்லவனா, எந்த இனம், எந்தப் பாவத்துக்கு இந்த நோய் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பை என் கையில் இறங்கி முடிய மூன்று மணி நேரம் ஆனது. சிவப்பு அணுவைச் சில வாரம் குளிரில் வைத்திருக்கலாம்; பிளேட்லெட் ஐந்து நாளில் வீண். அதனால்தான் முகாம் முடிந்த கையோடு அடுத்த முகாமுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தாதி சொன்னார்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி ஈப்போவுக்கு இறங்க வேண்டும். மஜ்ஜை முடிவு அன்றைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காலை ஐந்து மணிக்கே கிளம்பணும் என்று அப்பா சொல்லிவிட்டார். சிம்பாங் பூலாய் ரோட்டில் இந்த வாரம் பனிமூட்டம் அதிகமாம்.