நெஞ்சு இறுகும் வேளையில்

மாத்தளையினின்று தம்புள்ளை செல்லும் பெருவீதியில் அமைந்த பலாபத்வலவிலே, நடுவயதினர் ஒருவருக்கு நடுநிசியில் மார்பு இறுகி, வியர்வை பெருகி, இடது கரம் கனக்குமாயின், அதனை வாயுத் தொல்லையென்று கருதி, இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லிக் கஷாயத்தோடு விடியலுக்குக் காத்திருக்கும் சம்பிரதாயம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கட்டுடல் உடையோர்க்கு இருதய வியாதி வாராதென்ற நம்பிக்கையும் நம்மவரிடம் ஏனோ ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆயினும், தேகப்பயிற்சியிலேயே ஊறிய கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்குலிக்கு, 2021 ஜனவரி 2ஆம் திகதி, 48ஆம் பிராயத்தில், கல்கத்தாவிலே பயிற்சி செய்கையில்தான் நெஞ்சுவலி கண்டது. அன்றே ஆஸ்பத்திரி சேர்ந்தார். அடைபட்ட இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பெற்றது. அம்மாத இறுதியில் மேலும் இரண்டு. குருதி கிட்டாத இருதயத் தசை நிமிஷந்தோறும் மடிகின்றமையால், வைத்தியர்கள் கணக்கிடுவது அந்நிமிஷங்களையே. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால், சுவசெரிய ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.