யாருடைய ஷட்ஜம்?

இரண்டு இசைத்தட்டுகளை ஸ்ருதி பிசகாமல் இணைப்பது வெறும் கைத்திறன் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். டி.ஜே. என்பவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்ளவே தயங்கும் மயிலாப்பூரில் இப்படி நினைப்பது இன்னும் சுலபம். எனக்கு இது நேர்மை சம்பந்தப்பட்ட பிரச்னையாகப் படுகிறது.

சபாக் கச்சேரியில் இது எழுவதில்லை. பாடகர் தமக்கென்று ஒரு ஷட்ஜத்தோடு உட்காருகிறார். தம்புரா கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. (மத்யம ஸ்ருதி உருப்படிகளை இங்கே விட்டுவிடுகிறேன்.) தீக்ஷிதரின் ‘ஸ்ரீ விஸ்வநாதம்’ 14 ராகங்களைக் கடந்தாலும் ஆதாரம் ஒன்றே. டி.ஜே.க்கு இந்த சௌகரியம் இல்லை. ஒவ்வொரு தட்டும் அதனதன் ஷட்ஜத்தோடு வந்து சேர்கிறது. ஒன்று முடியுமுன் மற்றதை அதன்மேல் ஏற்றியாக வேண்டும். சிறிது நேரம் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். நிமிஷத்துக்கு 100, 110 அடி என்று நடக்கும் மெதுவான டெக்னோவில் ஸ்வரங்கள் நீண்டு நிற்பதால் பிசகை ஒளித்துவைக்க இடமில்லை.

இதற்கென்று அவர்கள் கையில் ஒரு சக்கரம் இருக்கிறது. காமலாட் சக்கரம் என்று பெயர். கடிகார முகம்போல 12 எண்கள், இரண்டு வட்டங்கள். ஒரே எண்ணில் உள்ளும் வெளியும் இருப்பவை ஒரே ஏழு ஸ்வரங்களைப் பகிர்ந்துகொள்பவை. நமக்கு இது புதிதல்ல. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாகக் கொண்டால் நடபைரவி. மோகனத்தின் காந்தாரத்தில் நின்றால் ஹிந்தோளம். ஜி. என். பாலசுப்ரமணியம் (1910-1965) ஆலாபனையில் செய்த கிரகபேதமும் இந்தக் கணக்குத்தான். ஆனால் அங்கே பாடகர் வேறு ராகத்தைக் காட்டும்போதும் தம்புரா பழைய ஷட்ஜத்தை விடுவதில்லை. அது சாட்சி. அவர் திரும்பி வந்தே தீரவேண்டும். டி.ஜே.யிடம் முதல் தட்டு தேய்ந்து மறைந்ததும் சாட்சியும் போய்விடுகிறது.

பழைய டர்ன்டேபிளில் வேறொரு சாட்சி இருந்தது. சாவி இறங்கிய கிராமபோனில் குரல் தொய்வதுபோல, வேகத்தைக் குறைத்தால் ஸ்ருதியும் இறங்கும். சுமார் 6 சதவீதத்துக்கு அரை ஸ்வரம். வேகத்தைப் பொருத்த வேண்டுமானால் ஸ்ருதியில் விலை கொடுக்க வேண்டும். கணினி இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. எவ்வளவு மெதுவாக்கினாலும் ஸ்ருதி அசைவதில்லை. பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதும் பேரேட்டை நான் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

நம் விமர்சனத்தில் மட்டும் இது நடக்கவில்லையா? இரண்டு கவிஞர்களை ஒரே கட்டுரையில் பொருத்துவதற்காக ஒருவரை அரை ஸ்வரம் ஏற்றுகிறோம். பொருத்தத்தைப் பாராட்டுகிறார்கள். ஏற்றியதை நாம் சொல்வதில்லை.

இதனால் தட்டை வளைப்பதே குற்றம் என்று வாதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1980களின் பிற்பகுதியில் பெல்ஜிய நடன அரங்குகளில், ‘ஏ ஸ்ப்ளிட்-செகண்ட்’ குழுவின் ‘ஃப்ளெஷ்’ என்ற 45 சுற்றுத் தட்டை 33⅓-இல் வைத்து, அதில் 8 சதவீதம் கூட்டி ஓட்டினார்கள். அதாவது 36 சுற்று. 45-க்கு 36 என்பது 5-க்கு 4. அந்தர காந்தாரத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள அதே விகிதம். தட்டின் ஷட்ஜம் இருந்த இடத்தில் இப்போது அதன் காந்தாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. விகிதம் தற்செயல்தான். ஒரு மூலத்தின்மேல் இதைவிடப் பெரிய அத்துமீறல் வேண்டுமா? ஆனால் அந்த வளைவில் ஒளிவு இல்லை. பாடியவரின் குரல் தடித்து, இழுபட்டு வந்தது. தட்டுக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பது அரங்கில் நின்றவர் காதுக்கே எட்டியது. அந்த இழுவை பிடித்துப்போய், பிறகு ஆரம்பத்திலேயே மெதுவாக இசையமைத்துத் தட்டுகள் வெளியிட்டார்கள். அதற்கு நியூ பீட் என்று பெயர் வந்தது.