மார்பில் அணியும் சின்னம்

போர் விமானப் படைப்பிரிவுகளின் சின்னம் பொறித்து, பழமைச் சாயல் ஏற்றிய டி-சட்டைகளை இளைஞர் பலர் விரும்பி அணிகின்றனர். இது அலங்காரமா, அன்றி அஞ்சலியா?

இந்திய விமானப்படையின் 18-ஆம் பிரிவு, 2020 மே மாதம் கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் செயல்பாட்டுக்கு வந்தது. அப்பிரிவின் வீரர் நிர்மல் ஜித் சிங் செக்கோன், 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கிய ஆறு பகை விமானங்களைத் தம் சிறிய நாட் விமானத்தால் எதிர்த்து உயிர்நீத்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அச்சின்னத்தின் விலை அவ்வுயிர்.

கார்மேல் அன்னையின் உத்தரியத்தை நாம் அழகுக்காக அணிவதில்லை; அணிபவர் ஒரு கடமையையும் ஏற்கிறார். பிறர் தியாகத்தை மார்பில் தாங்குபவருக்கும் உயிரின் மாண்பைக் காக்கும் கடன் உண்டு.

வெடிமருந்தின் கொடுமையை விருதுநகர் மாவட்டம் நன்கறியும். 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடிய ஊராரும் அவர்களுள் இருந்தனர். அத்துணிவை எச்சட்டையும் பொறிக்கவில்லை.

வீரனை மதிப்பது நன்று. ஆயின், வானில் மடிந்தவரைப் போற்றி, மருந்தறையில் மடிந்தவரை மறக்கும் நெஞ்சு, தியாகத்தை விட்டுப் போரின் பகட்டையே நேசிக்கிறது. திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும் திருச்சபை, யாரிடமும் பதக்கம் கேட்பதில்லை.