வருங்காலத்தை விலை பேசலாமா?

நாளை நிகழப் போவது இன்றைக்கே எங்கேனும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது நிகழும் அந்தக் கணத்தில்தான் அது பிறக்கிறதா என்னும் கேள்வி, மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள்முதல் அவனை விட்டு நீங்காத கேள்வியாகும். நாளைக்கு ஒரு கடற்போர் நடக்கும் என்ற வாக்கியம் இன்றைக்கே மெய்யாகவோ பொய்யாகவோ இருந்துதான் தீர வேண்டுமா என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் ஆராய்ந்தார். நடக்கும் அல்லது நடக்காது என்பதுதான் நிச்சயமேயன்றி, இரண்டில் இன்னது என்பது இன்னும் நிச்சயமாகவில்லை என்பதே அவர் கண்ட முடிவென்று அறிஞர் பலர் கொள்கின்றனர். அந்தப் பழைய விசாரம் இன்றும் ஓயவில்லை. அமெரிக்க தேசத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தொடங்கி, 68 கலாசாலை அணிகள் ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டே வந்து, ஏப்ரல் முதல் வாரத்தையொட்டி இரண்டே அணிகள் எதிர்நிற்கும் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தின் முன்னிரவில், வெல்லப் போவது யார் என்று கணக்கிட்டுப் பணம் கட்டும் இலட்சக்கணக்கான மக்களின் உள்ளத்தில் எழுவதும் அதே கேள்விதான்.

நம் தேசத்துத் தத்துவ ஞானிகள் பலர் அறிவின் வாயில்களைப் பிரத்யட்சம், அனுமானம், ஆப்த வாக்கியம் என்று வகுத்தார்கள். தமிழில் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்றனர். வருங்காலம் கண்ணுக்குப் புலப்படாததாகையால் அங்கே காண்டலுக்கு இடமில்லை, எஞ்சுவது கருதல். ஆனால் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும்போது, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் பிழையாத தொடர்பு நமக்குத் துணை நிற்கிறது. சென்ற ஆட்டங்களில் மிகுதியாக வென்ற அணி இன்றும் வெல்லும் என்பதற்கு அத்தகைய தொடர்பு எங்கே இருக்கிறது?

1985-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று கெண்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரில் நடந்த இறுதி ஆட்டம் இதற்கு என்றும் அழியாத சான்றாகும். முந்திய ஆண்டில் பட்டம் வென்றதும், பாட்ரிக் யூயிங் என்ற பெருவீரரை உடையதும், அந்தப் பருவத்திலேயே இருமுறை வில்லனோவா அணியைத் தோற்கடித்ததுமான ஜார்ஜ்டவுன் அணி ஒரு பக்கம். தன் பிரிவின் தரவரிசையில் எட்டாம் இடத்தில் வைக்கப்பட்ட வில்லனோவா மறுபக்கம். அனுமானம் முழுவதும் ஜார்ஜ்டவுனின் பக்கமே நின்றது. ஆட்ட ஓட்டத்தில் வில்லனோவா இளைஞர்கள் வளையத்தை நோக்கி எறிந்த 28 பந்துகளில் 22 உள்ளே விழுந்தன; 66-க்கு 64 என்று அவர்கள் வென்றார்கள். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஹூஸ்டன் அணிக்கு எதிராக வட கரோலினா ஸ்டேட் அணி வென்ற விதம் இன்னும் விந்தையானது. கடைசி விநாடிகளில் ஒருவர் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தைத் தொடாமலே வீழ, தோழர் ஒருவர் அதை ஆகாயத்திலேயே பற்றி உள்ளே செலுத்தினார்; 54-க்கு 52 என்று ஆட்டம் முடிந்தது. எறிந்தவரே நினையாத ஒன்றை முன்னிரவில் எந்தக் கணிதன் அறிந்திருக்க முடியும்?

ஆயினும் கணிதத்தைப் பழிப்பது என் கருத்தன்று. நடுவில் நின்றுபோன சூதாட்டத்தின் பணத்தை எவ்வாறு நீதியாகப் பங்கிடுவது என்பது பற்றி 1654-இல் கணித மேதைகளான பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவு என்னும் அரிய சாஸ்திரம் வளர்ந்தது. அந்த சாஸ்திரம் பல ஆட்டங்களின் போக்கைச் சொல்லும். இந்த ஓர் ஆட்டத்தின் முடிவைச் சொல்லாது. நூற்றுக்கு எழுபது என்று அது கூறுவது, ஆடப் போகும் இளைஞரின் உள்ளத்தை அளந்த அளவன்று. நாம் அறிந்ததையும் அறியாததையும் நிறுத்த நிறையே. தன் எல்லையை அறிந்தே பேசுவதனால் அதை நான் வணங்குகிறேன். அந்த எல்லையை மறந்து, அதே எண்ணை உடைமையாக மாற்றி விற்கவும் வாங்கவும் துணியும்போதுதான் தீமை தொடங்குகிறது.

அந்தத் தீமை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆழ்ந்து நோக்க வேண்டும். வல்ல அணிக்கும் மெல்லிய அணிக்கும் நடக்கும் ஆட்டத்தில் எல்லாரும் வல்ல அணியின்மீதே பணம் கட்டுவார்களாகையால், இத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றால்தான் வெற்றியென்று பந்தயத் தரகர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள். முன்னர்க் கணித ஆசிரியராக இருந்த சார்லஸ் மக்நீல் என்பவர் இம்முறையைக் கண்டவராகப் பொதுவாகச் சொல்லப்படுகிறார். 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டுவது இதில் வழக்கமாதலால், நூற்றுக்கு 52 முறைக்கு மேல் சரியாகக் கணித்தாலன்றி ஒருவன் இழக்காமலிருப்பதே அரிது. பொருளிழப்பைவிடப் பெரிய கேடொன்றும் இதில் ஒளிந்திருந்தது. வெற்றி வேறு, வித்தியாசம் வேறு என்று பிரிந்துவிட்ட பிறகு, இளைஞன் ஒருவனைத் தோற்கும்படி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சற்றுக் குறைவாக வென்றால் போதும் என்று அவன் காதில் ஓதிப் பணம் கொடுத்தால் அவன் மனச்சாட்சி எளிதில் உறங்கிவிடும். 1950-இல் இரு தேசியப் போட்டிகளிலும் ஒரே ஆண்டில் வென்று, வேறு எந்த அணியும் அடையாத பெருமையை அடைந்த நியூயார்க் சிட்டி காலேஜ் அணியின் வீரர்கள், மறு ஆண்டே இவ்வாறு புள்ளிகளை விற்றதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்து முன்னேறும் கலாசாலையென்று போற்றப்பட்ட இடத்தின் கீர்த்தி ஒரு பருவத்தில் மங்கியது.

2018 மே மாதத்தில், 1992-ஆம் ஆண்டு விளையாட்டுப் பந்தயத் தடைச் சட்டம் செல்லாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், பல மாகாணங்களில் பந்தயம் சட்டப்படியான தொழிலாகிவிட்டது. ஆட்டம் முழுவதன்மீது மட்டுமன்றி, இன்ன மாணவன் எத்தனை புள்ளி எடுப்பான் என்பதன்மீதும் பணம் கட்டுகிறார்கள். பணம் இழந்தவர்கள் அந்த மாணவர்களுக்கே வசை எழுதி அனுப்புகிறார்கள். இத்தகைய தனியாள் பந்தயங்களைத் தடை செய்ய வேண்டுமென்று 2024-இல் கலாசாலை விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கரே மாகாணங்களை வேண்டிக்கொண்டார்.

இனி மூலக் கேள்விக்கு வருவோம். உலக நிகழ்ச்சிகளுக்குக் காரணம் விதி என்பர் சிலர். தற்செயல் என்பர் சிலர். மனித முயற்சி என்பர் சிலர். விதியென்றால், முடிவு முன்னமே அமைந்தது. பந்தயக்காரனின் சாமர்த்தியத்துக்கு அதில் பங்கில்லை. தற்செயலென்றால், அறிவென்று அவன் நினைத்தது மயக்கமே. முயற்சியென்றால், அதன் பலன் விடியற்காலையில் எழுந்து வியர்வை சிந்திய அந்த இளைஞர்களுக்குரியது. இருந்த இடத்திலிருந்து பணம் கட்டியவனுக்கு அதில் என்ன பாத்தியதை? மூன்று சித்தாந்தங்களில் எதைக் கைக்கொண்டாலும் அவன் உரிமை நிலைபெறவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் மெய்யென ஏற்ற வள்ளுவர், சூதுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்து அதைக் கடிந்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

உழவனும் மழையை நம்பி விதை விதைக்கிறானே, அதுவும் பந்தயந்தானே என்று கேட்பாருண்டு. உழவன் தன் உழைப்பை வருங்காலத்துக்கு ஈடாக வைக்கிறான். அவன் களம் நிறைந்தால் ஊரும் உண்ணும். பந்தயக்காரன் பெறும் ஒவ்வொரு காசும் வேறொருவன் இழந்த காசு. இவ்விரண்டும் ஒன்றாகா.

ஆகையால், ஆட்டத்தைக் காணுங்கள். யார் வெல்வாரென்று யூகியுங்கள். யூகம் பொய்த்தால் மனித முயற்சியின் எல்லையின்மையைக் கண்டு மகிழுங்கள். பணம் மட்டும் கட்டாதீர்கள். பிறர் பிள்ளைகளின் உழைப்பைப் பணயமாக வைக்கும் அதிகாரம் நம்மில் எவருக்கும் இல்லை.