பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா!

சிப்காட்டில் ஷிப்ட் முடித்துக் கடலூர் முதுநகருக்குத் திரும்புகிற தம்பி, வீட்டில் ஆர்மோனியம் வாசிப்பதை ஏன் இன்னும் ஒளிக்கிறாய்? தெரிந்தால் என்ன சொல்வார்கள்? "என்னப்பா, பஜனை மடம் எப்போ திறக்கிறே?" என்பார்கள். "கூத்துக்குப் பெட்டிக்காரர் வேணுமாம், போறியா?" என்பார்கள். சொல்லட்டும்! நீயும் சேர்ந்து சிரி. சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, வாசிக்கிறேன்" என்று கூப்பிடு. கிண்டல் அங்கேயே சுருண்டுவிடும்.

பெட்டிக்கு அவமானம் புதிதல்ல. கமகம் பேசாத கருவி என்று சொல்லி 1940-ல் அகில இந்திய வானொலியே அதைத் தடை செய்தது. முப்பது ஆண்டு அந்தக் கதவு திறக்கவில்லை. அதற்காக நம் தெருக்கூத்துக்காரர்கள் விரலை மடக்கிக்கொண்டா உட்கார்ந்தார்கள்? விடிய விடிய வாசித்தார்கள்.

முதுநகரில் ரயிலேறினால் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக ஒரு துறவி வந்து சேர்ந்தார். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். தமிழ் மட்டும் படித்தவர் என்று நினைக்காதே. லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. தேறியவர், அறிவியல் வாத்தியார், இலங்கையில் ராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைக் கட்டிக் காத்தவர். அத்தனை பொறுப்புக்கு நடுவே அவர் மனம் எதில் போய் விழுந்தது? யாழில்! வாசிக்க ஆளில்லை, கற்றுத்தர ஆசானில்லை, சிற்பத்தில் இருந்ததே தவிரத் தொட்டுப் பார்க்க ஒரு பழைய யாழ்கூட மிஞ்சவில்லை. உன் பெட்டியாவது கடையில் கிடைக்கிறது.

அவர் அசரவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டார். நரம்புக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கைத் தான் கற்ற அறிவியலைக் கொண்டே போட்டார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ் என ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். வேலைகள் மாறின, ஊர்கள் மாறின, யாழை விடவில்லை. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். முடித்துவிட்டுத்தான் போனார்!

தொழில் வேறு, இசை வேறு என்று யார் உனக்குச் சொன்னது? அவர் படித்த கணக்குத்தான் அவர் யாழுக்கு உதவியது. நாளெல்லாம் ஆலையில் காற்றழுத்தமும் அதிர்வும் பார்க்கிறவன் நீ. துருத்திக் காற்று பட்டு ரீடு எப்படி அதிர்கிறது என்பது உன்னைவிட யாருக்குப் புரியும்? பெட்டியைப் பிரி. ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். நீயே சரிசெய், நீயே வாசி.

ஆயுத பூஜைக்கு ஆலையில் யாராவது பாட முடியுமா என்று கேட்பார்கள். தலையைக் குனியாதே, கையைத் தூக்கு. ஒலிபெருக்கிக்காரரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பெட்டியோடு நடுவில் போய் உட்கார்!