கடைசியாக ஓட்டியவர்

ஒரு காரின் இன்ஜின் போய்விட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, "யார் ஓட்டினது?" எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆயில் எப்போது மாற்றினார்கள், வண்டியை யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். கார்ப் பைத்தியங்களான எங்களுக்குள்ளும் இதே கதைதான். வேட்டைக்குப் போனவர்கள் புலிக்கதை சொல்வதுபோல நாங்கள் இன்ஜின் கதை சொல்வோம். "ராடு பிளாக்கை உடைச்சிக்கிட்டு வெளிய வந்துடுச்சு" என்பது அதில் உச்சம். உடைந்த பிஸ்டனைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்திருப்பவர்களும் உண்டு. எல்லாக் கதையிலும் ஒரு கடைசி நிமிடம் இருக்கும். அந்த நிமிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஒருவர் இருப்பார்.

அந்தக் கேள்வி நியாயமானதுதானா என்று கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில நேரம் நியாயம்தான். ஐந்தாவது கியரில் வேகமாகப் போகிற ஒருவர், நான்காவதுக்கு இறக்குவதாக நினைத்து இரண்டாவதில் போட்டுவிடுகிறார். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றினால் எரிபொருளை நிறுத்திவிடும் கட்டுப்பாடு இன்றைய கார்களில் உண்டு. ஆனால் இங்கே இன்ஜினைச் சுற்றவைப்பது எரிபொருள் இல்லை, உருண்டுகொண்டிருக்கும் சக்கரங்கள். கட்டுப்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து மோதிவிடும். ஒரு நொடி, ஒரு கை, ஒரு தவறு. போர்ஷே கார்களின் கணினி இப்படி எல்லை மீறிய சுற்றுகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

பல இன்ஜின்களின் முடிவு இத்தனை சுலபமாகப் புரிவதில்லை. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. அந்த இழுப்பையும் அமுக்கத்தையும் தாங்குவது கனெக்டிங் ராடு. அதன் பெரிய முனைக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் இருக்கிறது. ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்ட மாதங்கள், ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்சிலேட்டரை முறுக்கிய காலைகள், எல்லாம் அங்கே கணக்கில் ஏறுகின்றன. கணக்கு முடிகிற அன்று வண்டி யார் கையில் இருக்கும் என்பது வேறு விஷயம்.

உலோகத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். களைப்பினால் முறிந்த ஒரு ராடின் முறிவுப் பரப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று வழவழப்பானது, அலை பின்வாங்கிய மணலில் இருப்பதுபோல வரிவரியாக இருக்கும். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிய தடம் அது. இன்னொன்று சொரசொரப்பானது. மிச்சமிருந்த உலோகம் தாங்க முடியாமல் ஒரே இழுப்பில் பிய்ந்த இடம். "யார் ஓட்டினது?" என்று நாம் கேட்பது இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி மட்டும்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் காற்றைப்போல அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, ராடு வளைந்துவிடும். நிறைய வளைந்தால் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். லேசாக வளைந்தால்தான் வம்பு. தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, சீட்டைக் காயவைத்தால் வண்டி ஓடும். மாதக்கணக்கில்கூட ஓடும்.

என் பெரியப்பா மறு வருஷம் வாங்கிய டீசல் கார் அப்படிப்பட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வர மூன்று நாளைக்கு ஒரு ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர். திரும்பி வரும்போது விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் இன்ஜினில் ஒரு சத்தம். அவர் ஓரங்கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "சார், நான் எண்பதைத் தாண்டலை சார்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பெரியப்பா மூன்று நாள் கூலியைக் கொடுக்கவில்லை.

இன்ஜினைப் பிரித்த அன்று நானும் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். மெக்கானிக் முறியாத இன்னொரு ராடைக் கையில் எடுத்துக் காட்டினார். அதுவும் லேசாக வளைந்திருந்தது. பிறகு கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. "இது தண்ணி குடிச்ச வண்டி சார்" என்றார். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்குத் தெரியாதுடா. நல்லா ஓடிட்டிருந்த வண்டி. அவன் கையிலதானே போச்சு?"

அந்த டிரைவரும் அன்று வந்திருந்தார், பஸ் பிடித்து. கூலி கேட்க வந்தார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. முறிந்த ராடை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையில போச்சே தம்பி" என்றார்.

இரண்டு பேரும் சொன்னது ஒரே வாக்கியம். ஒன்று எனக்கு அநியாயமாகப் பட்டது. மற்றதைக் கேட்டதும் அவர்மேல் மரியாதை வந்தது. ஒரே வாக்கியம் வாய்க்கு வாய் எப்படி இப்படி மாறுகிறது?

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்று விவாதித்தார்கள். வில்லியம்ஸ் ஒரு லாரி டிரைவரை உதாரணம் காட்டினார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஆனால் ஒரு குழந்தை அவர் லாரியில் அடிபட்டுவிடுகிறது. வேடிக்கை பார்த்தவரின் வருத்தமும் அவருடைய வருத்தமும் ஒன்றாக இருக்காது. சுற்றியிருப்பவர்கள் "உங்க தப்பு இல்லீங்க" என்று தேற்றுவார்கள், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே சமாதானமாகிவிட்டால் நமக்கே உறுத்தும். தவறு வேறு, நம் கை வழியாக நடந்தது என்பது வேறு.

இதற்கு மேல் நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அந்தப் பாரத்தை ஒருவர் தானாக எடுத்துக்கொள்ளலாம், இன்னொருவர் அதை அவர் தலையில் ஏற்றிவைக்க முடியாது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனுக்குச் சாக்குச் சொல்லக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பொய் சொன்னவன் பொற்கொல்லன். கோவலனின் முற்பிறவி வினையை மதுராபதித் தெய்வமே பின்னால் வந்து சொல்கிறது. சரியாக விசாரிக்காதது பாண்டியனின் பிழைதான், ஆனாலும் பங்குபோட ஆட்கள் இருந்தார்கள். அவன் யாரையும் காட்டவில்லை. உண்மை தெரிந்ததும் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு உயிர்விட்டான்.

2006 அக்டோபர் 8, சுசூகா. ஷூமேக்கரும் அலோன்சோவும் ஆளுக்கு 116 புள்ளிகளோடு சமமாக நிற்கிறார்கள், மீதி இரண்டே பந்தயங்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த ஷூமேக்கரின் இன்ஜின் புகைவிட்டு நின்றது. ஏறக்குறைய சாம்பியன் பட்டமே அதோடு போனது. கார் நின்ற இடத்திலிருந்து குழுவிடம் திரும்பியவர், மெக்கானிக்குகளுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஆறுதல் சொன்னார். "யார் கட்டின இன்ஜின்?" என்று கேட்கும் அதிகாரம் அன்று அவருக்கு இருந்தது.

என் தொழிலில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று பெயரோடு காட்டும். பெயரிலேயே பழி இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் யாரோ செய்த தப்பான அனுமானத்தை அது காட்டாது. நல்ல குழுக்களில் இது தெரியும் என்பதால், பெரிய கோளாறுக்குப் பின் நடக்கும் அலசலில் யார் மேலும் பழி போடுவதில்லை என்று விதியே வைத்திருப்பார்கள். நல்ல விதி. ஆனால் "யார் மேலயும் தப்பில்லை" என்பதை முதலில் பிடித்துக்கொள்வது, ஆளைக் குறைத்து அவகாசத்தைச் சுருக்கிய மேலதிகாரியாகவும் இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய காரைத் துடைத்து விற்றவருக்கும் அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும்.

அதனால் கேள்வியே கேட்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ராடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். வழவழப்பான பகுதி எவ்வளவு, சொரசொரப்பு எவ்வளவு, அந்த வரிகள் விழுந்த நாட்களில் வண்டி யாரிடம் இருந்தது? பதில் கிடைக்காமலே போகலாம். ஆனால் பதில் கிடைக்கும்வரை மூன்று நாள் ஓட்டியவருக்கு மூன்று நாள் கூலி பாக்கி இருக்கிறது. அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை.